ஏற்கெனவே ஏறியவர்கள்

மாட்டுத்தாவணியிலிருந்து புறப்படும் அரசுப் பேருந்தை, அதன் ஊர்ப் பலகை, பக்கவாட்டுக் கோடுகள், பணிமனைப் பெயர், ஏர் ஹாரன் ஒலி வரை கைப்பேசித் திரைக்குள் கொண்டுவந்து ஓட்டுகிற இளைஞர்கள் இன்று மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'தான் இதற்குக் களம்; ஆடுகிறவர்கள் சுருக்கமாக 'பஸ்சிட்' என்பார்கள். தங்கள் நாட்டுச் சாலைகளை மனத்தில் வைத்து அந்த நிறுவனத்தார் செய்த விளையாட்டில், வெளியார் தாமே தீட்டிய வண்ணங்களையும், பிற்பாடு தாமே செய்த வண்டிகளையும் சேர்த்துக்கொள்ள வழி விட்டிருந்தார்கள். அந்த வழியாகத் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும், கரூரில் பாடி கட்டிய தனியார் வண்டிகளும், ஆம்னி பஸ்களும் உள்ளே நுழைந்தன. இவற்றைச் செய்பவர்கள் முப்பரிமாண வடிவமைப்பைத் தாமாகவே பழகியவர்கள். கூலி இல்லாமல் இரவுகளைச் செலவிட்டு ஒரு சன்னல் கம்பியின் வளைவைச் சரிசெய்பவர்கள். பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 'மோட்' என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கைவேலையின் முதல் வெளியீட்டுக்குக் கிடைக்கும் ஆரவாரம் பெரிது. ஆனால் அதைச் செய்தவரின் பொறுப்பு வெளிப்படுவது இரண்டாவது, மூன்றாவது வெளியீடுகளில், அதாவது அப்டேட்டுகளில். அப்டேட் முதலில் யாருக்காகச் செய்யப்படுகிறது என்று கேட்டால், புதிதாக வரப்போகிறவருக்காக என்ற பதிலே பெரும்பாலும் நடைமுறையில் தெரிகிறது. ஏற்கெனவே அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டவருக்காகத்தான் அது முதலில் செய்யப்பட வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் இந்த வண்டிகளுக்கு அப்டேட் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அசல் பேருந்தே நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1972-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997-இல் மன்னர்கள், தலைவர்கள் பெயர்களைத் தாங்கிய கழகங்கள் அந்தப் பெயர்களை இழந்தன; பாண்டியன் உட்படப் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. வண்டியின் முகத்தில் அதற்கான அறிவிப்பு ஏறியது. 2023-இல், பழைய சேஸியின் மேல் புதிதாகக் கூடு கட்டிய பேருந்துகள் மஞ்சள் நிறத்தில் சாலைக்கு வந்தன. பெரியார் பேருந்து நிலையமே இடித்துக் கட்டப்பட்டுவிட்டது. இதில் ஒவ்வொன்றும் ஒரு மோட்காரருக்கு அடுத்த அப்டேட்டுக்கான காரணம். இப்போது பாண்டியன் பெயர் தாங்கிய வண்டிக்காகவே ஒரு மோட்டை இறக்கி வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரைத் தாங்கிய வண்டி சாலையில் இல்லை. புகைப்படங்கள் சிலவே உண்டு. சுற்றிவந்து பார்க்கக்கூடிய வடிவில் அது இருக்கும் ஒரே இடம் அவர் கைப்பேசி. மோட்காரர் அதே கோப்பின் பெயரில் மஞ்சள் வண்டியை வெளியிட்டு, பழைய இணைப்பையும் எடுத்துவிட்டால், புதுமை என்று அவர் தந்தது இன்னொருவரிடம் இருந்ததை அழித்துவிடுகிறது. திருத்தம் வேறு, மாற்றீடு வேறு. பழைய வண்டியின் கதவு சரியாக மூடாததைச் சரிசெய்வது திருத்தம். பச்சை வண்டியை மஞ்சளாக்குவது இன்னொரு வண்டி. இரண்டையும் ஒரே பெயரில், ஒரே இணைப்பில் கொடுப்பதே இந்தத் துறையில் நான் காணும் முதல் பிழை.

இரண்டாவது பிழை கொஞ்சம் நுட்பமானது, பாதிப்பிலோ இன்னும் பெரியது. ஒரு வண்டி வெளியானதும் அது செய்தவரோடு நின்றுவிடுவதில்லை. வண்டியின் உடலை விரித்துப் போட்ட தாள் போன்ற ஒரு வெற்றுப் படம் அதனோடு வெளியாகும், டெம்ப்ளேட் என்பார்கள். அதன் மேல் வேறு பலர் வண்ணம் தீட்டுகிறார்கள்: ஒருவர் ஆரப்பாளையம்–தேனி வண்டி, இன்னொருவர் மாட்டுத்தாவணி–இராமேசுவரம் வண்டி, மூன்றாமவர் தன் ஊர் மினி பஸ்ஸின் பெயர். லிவரி எனப்படும் இந்தப் படங்கள் அந்த விரிப்பு எப்படி மடங்கி உடலாகிறது என்பதை நம்பியே தீட்டப்பட்டவை. அடுத்த அப்டேட்டில் மோட்காரர் உடலைச் செம்மைப்படுத்தும்போது விரிப்பையும் மாற்றியமைத்தால், அதுவரை பலர் தீட்டியவை எல்லாம் ஒரே நாளில் பாழ். ஊர்ப் பெயர் முன் கண்ணாடியில் விழும், பதிவெண் சக்கரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். செய்தவருக்கு இது முன்னேற்றம். அவரை நம்பித் தீட்டியவர்களுக்கு இழப்பு. விரிப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில சமயம் மாற்றாமல் முடியாது. மாற்றும்போது அது தெரிய வேண்டும். மென்பொருள் உலகில் டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்துக் கொடுத்த மூன்றிலக்கப் பதிப்பெண் முறை இதற்காகவே பிறந்தது. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்றால் முதல் எண் கூடும். பழையது கெடாமல் புதிதாக ஏதேனும் சேர்ந்தால் நடு எண். வெறும் பழுதுநீக்கம் என்றால் கடைசி எண். 1.4.2-இலிருந்து 1.4.3-க்குப் போகிறவர் யோசிக்காமல் போகலாம், 2.0.0 என்று கண்டால் தன் லிவரி நிற்குமா என்று ஒரு கணம் நின்று பார்ப்பார். நம் மோட்களில் நடமாடும் 'ஃபைனல்', 'நியூ', 'ஹெச்டி', 'ஃபுல் ரீவொர்க்' போன்ற பெயர்கள் இந்த ஒரு கணத்தைத் தருவதில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக்கூட அவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

செக் நாட்டு எஸ்சிஎஸ் சாஃப்ட்வேரின் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'-இல் ஒவ்வொரு மோட்டுக்குள்ளும் ஒரு விவரக் கோப்பு உண்டு. தொகுப்பின் பதிப்பெண், செய்தவர் பெயர், விளையாட்டின் எந்தெந்தப் பதிப்புகளோடு ஒத்துப்போகும் என்ற பட்டியல் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ஒத்துப்போகாத மோட்டை விளையாட்டே அடையாளம் காட்டும். கைப்பேசி விளையாட்டுகளில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அதனால் கோப்பின் பெயரிலும், கூட வைக்கும் சிறு உரைக் கோப்பிலும் அதை மனிதர்களே எழுத வேண்டியிருக்கிறது. வண்டியின் பெயர், பதிப்பெண், விளையாட்டின் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது, என்ன மாறியது, எது இன்னும் சரியாகவில்லை என்று பத்து வரி போதும். கடைசியாகச் சொன்னதற்கு நான் மிகுந்த மதிப்பளிக்கிறேன். இரவில் பின் விளக்கு எரியாது என்று முன்கூட்டியே எழுதிவிட்ட மோட்காரர், தன்னிடம் வந்து அதையே கேட்கும் நூறு பேரிடமிருந்து தன்னை மட்டுமல்ல, ஏமாந்துபோன உணர்விலிருந்து அவர்களையும் காப்பாற்றுகிறார்.

இந்தப் பத்து வரி ஒழுக்கம் தமிழுக்கு வெளியிலிருந்து வந்து சேர வேண்டியது என்று யாரும் நினைக்க வேண்டாம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டார். இரண்டாம் பதிப்பு 1907-இல், மூன்றாவது 1922-இல். இடைப்பட்ட காலத்தில் மேலும் ஏடுகள் கிடைத்தன, பாடங்கள் தெளிந்தன, குறிப்புகள் விரிந்தன. அவர் புதிய பதிப்பை மௌனமாகப் பழையதன் இடத்தில் வைக்கவில்லை. ஏடு தந்து உதவியவர்களைப் பெயர் சொல்லி நினைத்தார். பிரதிகளுக்கிடையே பாடம் வேறுபட்ட இடங்களைக் காட்டினார். பதிப்புகளுக்குத் தனித்தனி முகவுரை எழுதினார். முதற்பதிப்பை வைத்துப் படித்தவர் இரண்டாம் பதிப்பை எடுத்து, எங்கே தன் வாசிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அறிய முடிந்தது. ஏற்கெனவே வாசித்துவிட்டவரை மதிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கமும், மறு ஆண்டு அது தொடங்கிய 'செந்தமிழ்' இதழும் வளர்த்ததும் இதே பதிப்பு நேர்மையைத்தான். காப்பியத்தையும் கைப்பேசி வண்டியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபிப்பவர்கள் இருக்கலாம். பொருளின் பெருமையில் இரண்டும் ஒன்றல்ல. பலர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் திருத்தி மறுபடி வெளியிடுகிறவர் என்ற நிலையில் இருவருக்கும் முன்னால் நிற்கும் கடமை ஒன்றுதான்.

இன்னும் அண்மைச் சான்றும் மதுரையின் பெயரிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம் முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு. சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் திருக்குறள் தொடங்கித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்னுரையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர்கள் இருக்கும். அந்தத் தலைப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருக்கும் வரை யாரும் எடுத்துப் பரப்பலாம் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. தொடக்கத்தில் தமிழ்க் குறியேற்றங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தன. திட்டத்தின் உரைகள் டிஸ்கி முறையிலும் வெளிவந்தன. யூனிகோடு பரவியபோது உரைகளை அதற்கு மாற்றினார்கள். மாற்றும்போது பழைய குறியேற்றத்தில் இருந்த கோப்புகளை உடனே ஒழித்துக்கட்டவில்லை. பழைய எழுத்துருவோடும் பழைய கணினியோடும் இருந்தவர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்ள இரண்டு வடிவங்களும் அருகருகே கிடைத்தன. பஸ்சிட் மோட்காரருக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி கிடையாது. இலவச உழைப்பு, சிதறிக் கிடக்கும் பயனர்கள், காலடியில் மாறிக்கொண்டே இருக்கும் தொழில்நுட்பம் என்று இருவரின் நிலைமையும் ஒன்றே.

இலவசமாகத் தருபவனிடம் இவ்வளவு கேட்கலாமா என்பது முதல் மறுப்பு, நியாயமானதும்கூட. பரீட்சைக்கு நடுவே ஒரு மாணவர் தன் கைக்காசில் வாங்கிய டேட்டாவைச் செலவழித்து ஏற்றிய வண்டிக்கு யாரும் அவரைக் கடமைப்படுத்த முடியாது. அவர் அப்டேட்டே தராமல் இருக்கலாம்; ஆறு மாதம் காணாமல் போகலாம்; கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம். 'ப்ரோ, அப்டேட் எப்போ' என்று தினமும் நச்சரிப்பவர்களுக்கு என் அனுதாபம் கிடையாது. ஆனால் தராமல் இருக்கும் உரிமையும், தரும்போது கெடுக்கும் உரிமையும் ஒன்றல்ல. பழையதை விட்டுவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அந்தக் கணத்தில் அவர் பிறருடைய கைப்பேசிக்குள் கை நீட்டுகிறார். அழைத்தது அவர், நம்பி வந்தவர் மற்றவர். நான் கேட்பதெல்லாம் அந்த அழைப்பின் அளவுக்கு உட்பட்டவை. எண் போடுவதற்கும், பத்து வரி எழுதுவதற்கும், பழைய கோப்பை அழிக்காமல் விடுவதற்கும் ஆகும் நேரம், ஒரு சக்கரத்தின் நட்டுகளைச் செதுக்க ஆகும் நேரத்தில் சிறு பங்குதான். உழைப்பின் மிகக் கடினமான பகுதியைச் செய்து முடித்துவிட்டு, மிக எளிய பகுதியில் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊர்ப்பக்கங்களில் அப்டேட்டின் எடையும் ஓர் அறப் பிரச்சினை. இங்கே பலருக்கு விளையாட்டு இயந்திரம் என்பது வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி. 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது உண்மை. ஆனாலும் நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்று அளந்து தரும் பேக்கில்தான் பலர் ஓட்டுகிறார்கள், அதில் தங்கையின் வகுப்பும் அம்மாவின் வீடியோ அழைப்பும் அடக்கம். ஒரு ஹாரன் ஒலியை மாற்றியதற்காக முழுத் தொகுப்பையும் மறுபடி இறக்கச் சொன்னால், அந்த நாளின் டேட்டா அந்த ஹாரனுக்கே போய்விடும். மாறிய கோப்பை மட்டும் தனியே தருவதும், இறக்குவதற்கு முன்பே அளவைச் சொல்லிவிடுவதும் இங்கே மரியாதையின் பகுதி. 'ஹெச்டி' அப்டேட்டுகள் செய்யும் இன்னொரு தீங்கும் உண்டு. உடலின் பரப்புகளைப் பல மடங்காக்கி, இருக்கை உறையின் தையல் வரை செதுக்கி வெளியிடும்போது, விலை உயர்ந்த கைப்பேசியில் அது பளபளக்கும். 3 ஜிபி நினைவகம் உள்ள கைப்பேசியிலோ விளையாட்டே திறக்காது. நேற்றுவரை ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் அதை முன்னேற்றம் என்று அழைக்க என் நாக்கு மறுக்கிறது. எடை குறைந்த பதிப்பையும் கூடவே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் இந்தக் கலையின் மூத்தோராக எண்ணுகிறேன்.

வெளியிடும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் எல்லோரும் ஆட உட்காரும் முந்தின இரவில் சோதிக்காத கோப்பை ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விடுவது பழக்கமானால், பழுது தெரிய வரும்போது திருத்த ஆள் இருக்காது. வேறு வேறு கைப்பேசி வைத்திருக்கும் நான்கைந்து பேரிடம் முதலில் கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, தான் கையருகே இருக்கும் நாளில் வெளியிடுவது ஒன்றும் கடினமில்லை. என்னதான் செய்தாலும் விளையாட்டு நிறுவனம் காலை வாரிவிடுகிறதே என்பார்கள். உண்மைதான். 2021 நவம்பரில் 'ஸ்கைரிம்' விளையாட்டுக்குப் புதிய அப்டேட் வந்தபோது, அதன் உட்புறத்தைச் சார்ந்து எழுதப்பட்டிருந்த மோட்கள் பல ஒரே நாளில் செயலிழந்தன, 1.5.97 என்ற பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். 2024 ஏப்ரலில் வெளிவர இருந்த 'ஃபால்அவுட் லண்டன்' என்ற பிரம்மாண்டமான மோட், அதே மாதம் 'ஃபால்அவுட் 4'-க்கு வந்த அப்டேட்டால் தள்ளிப்போய் ஜூலையில்தான் வந்தது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, செயலிகளின் தரவுக் கோப்புறைகளுக்குள் வெளியார் நுழைவதை இறுக்கியது; கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று அதுவரை சொல்லிவந்த குறிப்புகள் பல செல்லாக்காசாயின. இவை எதையும் மோட்காரர் தடுக்க முடியாது. எந்தப் பதிப்பில் சோதித்தேன் என்று எழுதி வைத்திருந்தால், நிறுவனத்தின் கைவரிசை எது, தன் பிழை எது என்று பிரித்துக் காட்ட முடியும். அந்த ஒரு வரி இல்லாதபோது பழி முழுவதும் செய்தவர் தலையிலேயே விழுகிறது.

திருட்டைப் பற்றிய மறுப்பு இன்னும் உக்கிரமானது. ஒருவர் செய்த வண்டியை எடுத்து, பெயரைத் துடைத்து, தன் சேனலில் தன்னுடையதாக வெளியிடுவது இங்கே நடக்கிறது. அதற்கு எதிராகத்தான் பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்புகள், வீடியோவின் நடுவே ஒளித்து வைத்த கடவுச்சொல், நான்கு விளம்பரப் பக்கங்களைத் தாண்டிக் கொண்டுபோகும் இணைப்புகள் எல்லாம் வந்தன. கோபம் எனக்குப் புரிகிறது, மருந்துதான் தவறு. திருடுகிறவரும் அதே வீடியோவைப் பார்த்து அதே கடவுச்சொல்லை எடுக்கப் போகிறார். மாட்டிக்கொள்வது சாதாரண ஆட்டக்காரர். கடவுச்சொல்லால் பூட்டிய தொகுப்புக்குள் என்ன இருக்கிறது என்று வைரஸ் தடுப்பு மென்பொருளாலும் திறந்து பார்க்க முடியாது. 2023 ஜூனில் 'மைன்கிராஃப்ட்' உலகில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். கர்ஸ்ஃபோர்ஜ், புக்கிட் தளங்களில் சில மோட்காரர்களின் கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், நம்பகமான மோட்களின் அப்டேட் என்ற வடிவத்திலேயே தீநிரலை அனுப்பினார்கள். அது கணினியில் இருந்த மற்ற மோட் கோப்புகளுக்கும் பரவியது. அதற்குப் பெயர் 'ஃபிராக்சரைசர்'. நெடுநாள் நம்பி வந்தவர்கள்தான் அப்டேட்டை உடனே போட்டுக்கொள்பவர்கள். எனவே அடிபட்டவர்களும் அவர்களே. ஒரே நிலையான இடத்தில் மட்டும் வெளியிடுவது, கோப்பின் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் எழுதி வைப்பது, கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுவது ஆகியவை திருடனையும் ஓரளவு தடுக்கும், பயனரையும் காக்கும். பெயரைக் காப்பாற்றும் வழியும் இதிலேயே இருக்கிறது. தேதியிட்ட பதிப்பு வரலாறு யாரிடம் தொடர்ச்சியாக இருக்கிறதோ அவர்தான் செய்தவர் என்பதை ஊர் அறியும்; திருடியவரிடம் கடைசிக் கோப்பு மட்டுமே இருக்கும்.

இந்த வழக்கில் மோட்காரர்களும் குற்றமற்றவர்கள் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் செய்த சேஸி, இன்னொருவர் செய்த கூடு, மூன்றாமவர் பதிவுசெய்த எஞ்சின் ஒலி எல்லாம் சேர்ந்ததே ஒரு வண்டி. முதல் வெளியீட்டில் மூவர் பெயரும் இருக்கும். மூன்றாம் அப்டேட்டுக்குள் ஒரு பெயர் மட்டும் நிற்கும். மதுரைத் திட்டம் தலைப்புப் பக்கத்தைச் சிதைக்காதே என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்ததன் கூர்மை இங்கே விளங்குகிறது.

பழையதை எடுத்துவிடும் உரிமைக்கு வருகிறேன். 2021 ஜூலையில் நெக்ஸஸ் மோட்ஸ் தளம், இனி ஏற்றிய கோப்புகளை முழுமையாக அழிக்க முடியாது, அவை காப்பில் வைக்கப்படும் என்று அறிவித்தபோது, மோட்காரர்கள் பலர் கொதித்துத் தங்கள் படைப்புகளை விலக்கிக்கொண்டார்கள். தான் செய்ததைத் தானே திரும்பப் பெற முடியாதா என்ற அவர்களின் கேள்வியில் கண்ணியம் இருக்கிறது. மதுரையிலேயே இதற்கு ஒரு மரபு உண்டு என்றும் வாதிடலாம். எதுகை மோனைக்காகக் குறளைத் திருத்தி ஆங்கிலேயர் ஒருவர் அச்சிட்ட பதிப்பைப் பாண்டித்துரைத் தேவர் மொத்தமாக விலைக்கு வாங்கி எரித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தச் செய்தியை உள்ளபடியே ஏற்றாலும், அவர் அழித்தது வள்ளுவர் பெயரில் உலவிய பிறர் கைத்திருத்தத்தை. குறளை அறிந்தவர்களின் கையிலிருந்த பாடம் கெடாமல் இருக்க அதைச் செய்தார். தன்னுடைய முந்தைய நேர்மையான பதிப்பை அழிப்பது வேறு செயல். பிறர் வடிவத்தைத் திருடிச் செய்தது தெரியவந்தால், அல்லது கோப்பு கைப்பேசியைக் கெடுக்கிறது என்றால், காரணத்தைச் சொல்லி எடுத்துவிட வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. முதலில் செய்தது இப்போது பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக எடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த வண்டிக்கு லிவரி தீட்டிய இருபது பேருக்கு அந்தக் கூச்சத்தில் பங்கில்லை. பழையதை வைத்திருந்தால் பழைய பழுதுகளைப் பற்றியே கேட்டு உயிரை வாங்குவார்களே என்றால், இதற்கு இனி உதவி கிடையாது என்று ஒரு வரி அதன் மேல் எழுதிவிட்டால் போதும்.

கடைசியாக, செய்தவர் விலகிப் போகும் நாள். படிப்பு முடிந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவருக்கு மோட் நின்றுவிடும். விளையாட்டும் அசல் பேருந்தும் நிற்காது. 'ஸ்டார்டியூ வேலி' விளையாட்டின் மோட்காரர்கள் இதற்கு ஓர் அழகிய வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அங்கே ஸ்மாபி என்ற கருவிதான் மோட்களை இயக்குகிறது, புதிய பதிப்பு வந்திருந்தால் சொல்கிறது. மூல ஆசிரியர் இல்லாத நேரத்தில் விளையாட்டு மாறி மோட் உடைந்தால், இன்னொருவர் அதைச் சரிசெய்து வெளியிடுவார். ஆனால் பதிப்பெண்ணிலேயே அதிகாரபூர்வமற்றது என்ற அடையாளத்தையும் தன் பெயரையும் சேர்த்துவிடுவார். 1.2.3-இல் நின்றுபோன மோட்டுக்கு வரும் அந்தப் பதிப்பு 1.2.4-அதிகாரபூர்வமற்றது என்று இருக்கும். மூல ஆசிரியர் என்றாவது திரும்பிவந்து 1.2.4 என்று வெளியிட்டால், கருவி அவருடையதையே மேலானதாக எடுத்துக்கொள்ளும். ஆட்டம் நிற்கவும் இல்லை, உரிமை பறிபோகவும் இல்லை. நம் பேருந்து மோட்களுக்கு இப்படிப்பட்ட கருவி கிடையாது. எழுதிவைக்கும் பழக்கத்தால் அதை ஈடுகட்டலாம். விலகப்போகிறவர் தன் கடைசி அப்டேட்டோடு, யார் தொடரலாம், எந்தப் பெயர்கள் நீக்கப்படக் கூடாது, மூல வடிவக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போகட்டும். மூலக் கோப்பைத் தர மனமில்லாதவரை யாரும் வற்புறுத்த முடியாது. அவர் டெம்ப்ளேட்டையாவது விட்டுச் செல்லலாம். அது கையில் இருந்தால், கழகம் அடுத்த முறை வண்ணத்தை மாற்றும்போது திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ இருக்கும் இன்னொருவர் பழைய உடலுக்குப் புது வண்ணம் பூசிக்கொள்வார், பழைய வண்ணமும் பக்கத்திலேயே இருக்கும்.